பின்னால் நிற்கிறவன் வாய்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



போன மாதம் சங்கச் செயலாளர் போன் செய்து, "அண்ணாச்சி, இந்தத் தடவை நீங்க அரைமணி நேரம் பேசணும். விளையாட்டைப் பத்திப் பேசுங்க" என்றார். ஒரு இத்தாலிக்காரரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சங்கரன்கோவில்ல வச்சு இத்தாலிக்காரனைப் பத்தியா? ஆடித்தபசைப் பத்திப் பேசினாலும் ஜனங்க கேப்பாங்களே" என்றார். ஆடித்தபசும் இந்தப் பேச்சில் வரும் என்று சொல்லிச் சமாளித்தேன். வருகிறது, கொஞ்சம் பொறுங்கள்.

அந்த இத்தாலிக்காரர் பெயர் மார்கோ மெட்டராசி. ஸ்டாப்பர் பேக். 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் கேப்டன் ஜிடேன் ஒருவரை நெஞ்சில் தலையால் முட்டித் தள்ளினாரே, முட்டு வாங்கியவர் இவர்தான். உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இவரைப் பற்றி இவ்வளவுதான் தெரியும். அதே மனிதர் 2014-ல் சென்னைக்கு வந்தார். மூன்று வருஷம் நம் தமிழ்நாட்டு அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். அதற்கு முன் அவர் எந்த அணிக்கும் பயிற்சியாளராக இருந்ததில்லை. ஆக, அவர் அந்தத் தொழிலுக்கு அரிச்சுவடி படித்த பள்ளிக்கூடம் நம்ம சென்னை.

நானும் இந்தக் கல்லூரி அணியில் ஸ்டாப்பர் பேக்காக இருந்தவன். எங்கள் காலத்தில் பந்து ஆடத் தெரிந்தவனைப் பார்வர்டில் போடுவார்கள், தெரியாதவனைப் பின்னால் நிறுத்துவார்கள். பார்வர்டு ஒன்பது தடவை கோட்டை விட்டுப் பத்தாவது தடவை கோல் போட்டால் தோளில் தூக்கி வருவார்கள். பேக் ஒன்பது தடவை தடுத்துப் பத்தாவது தடவை விட்டால் பஸ்சில் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது.

ஆனால் பின்னால் நிற்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. முழு மைதானமும் அவன் கண்ணுக்கு முன்னால் இருக்கும். பந்தோடு ஓடுகிறவனுக்குத் தன் முதுகுப் பக்கம் வருகிற ஆள் தெரியாது, ஸ்டாப்பருக்குத் தெரியும். அதனால் அவன் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். லெஃப்டில் ஆள் வருகிறான், பந்தை விடு, கோட்டுக்கு ஏறு என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் பி.டி. சார் தினமும் சாயங்காலம் சொல்வார்: "ஏல, கால் அப்புறம். மொதல்ல வாயத் தொற." பேக்குக்கு வாய்தான் முக்கால் ஆட்டம். இந்த வாயைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

மெட்டராசி 1973 ஆகஸ்டு 19-ல் இத்தாலியின் தென்கோடியில் லெச்சே என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஜுசெப்பே கால்பந்து ஆடியவர், பிறகு லாசியோ போன்ற பெரிய அணிகளுக்குப் பயிற்சியாளராக இருந்தவர். பதினைந்து வயதில் மார்கோவுக்குத் தாய் தவறிவிட்டார். அப்பா பெரிய பயிற்சியாளர் என்பதால் பையனுக்குச் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள் என்று நினைக்காதீர்கள். இருபது வயதைத் தாண்டியும் சிசிலித் தீவில் மார்சாலா, டிராபானி என்று கீழ்ப்பிரிவு அணிகளில்தான் ஆடிக்கொண்டிருந்தார். நம்ம ஊர்க் கணக்கில், ரஞ்சி ஆட வேண்டிய வயதில் தாலுகா மேட்ச் ஆடுகிற மாதிரி. பிறகு பெருஜியா. 1998-ல் ஒரு பருவம் இங்கிலாந்தில் எவர்ட்டன். அங்கே அவர் ஆட்டத்தைவிட அவர் வாங்கிய சிவப்பு அட்டைகள்தான் அதிகம் பேசப்பட்டன. திரும்பப் பெருஜியாவுக்கே வந்தார். 2000-01 பருவத்தில் ஒரு பேக்காக இருந்துகொண்டு இத்தாலி முதல் பிரிவில் 12 கோல் போட்டார். அர்ஜென்டினாவின் பாசரெல்லா வைத்திருந்த 11 கோல் சாதனை போயிற்று. நாட்டுக்காக முதல் ஆட்டம் ஆடும்போது அவருக்கு 27 வயது முடிந்துவிட்டது. மாணவத் தம்பிகள் இந்த வயதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

2001-ல் இண்டர் மிலன். முதல் பருவத்திலேயே பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. 2002 மே 5, கடைசி ஆட்டம், ரோம் நகரில் லாசியோவுடன். ஜெயித்தால் சாம்பியன். இரண்டு தடவை முன்னிலையில் இருந்தும் 4-2 என்று தோற்றார்கள். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. 2000-ல் மெட்டராசி இருந்த பெருஜியா அணி கொட்டுகிற மழைக்குப் பிறகு ஜுவெண்டஸைக் கடைசி நாளில் தோற்கடித்ததால்தான் இதே லாசியோவுக்குப் பட்டம் கிடைத்தது. அதை அவர் அன்றைக்கு மைதானத்திலேயே லாசியோ ஆட்டக்காரர்களிடம் சொல்லிப் புலம்பியதாகப் பத்திரிகைகள் எழுதின. கடன் கேட்கப் போகிற இடத்தில் பழைய மொய்யை ஞாபகப்படுத்தின கதைதான். பலிக்கவில்லை. அழுதுகொண்டே வெளியேறினார்.

அவருடைய கோபத்தையும் சொல்லியாக வேண்டும். 2004 பிப்ரவரியில் சியனா அணியோடு ஆடிய ஆட்டம் முடிந்த பிறகு, ஆட்டக்காரர்கள் உள்ளே போகிற வழியில் சிரில்லோ என்பவரை அடித்துவிட்டார். அவர் வீங்கின உதட்டோடு டெலிவிஷனில் வந்து காட்டினார். மெட்டராசிக்கு இரண்டு மாதம் தடை. இந்த சியனாவுக்கும் இவருக்கும் ஏதோ பூர்வ ஜென்மக் கணக்கு இருந்திருக்க வேண்டும். 2007 ஏப்ரலில் அதே சியனாவை 2-1 என்று ஜெயித்துத்தான் இண்டர் பட்டத்தை உறுதி செய்தது, இரண்டு கோலும் இவர் போட்டவை. 2008 மே மாதம் மறுபடி சியனா. ஒரு பெனால்டியைப் போட்டால் அன்றே பட்டம். இவர் அடித்தார், கோலி பிடித்துவிட்டார். பட்டம் ஒரு வாரம் தள்ளிப் போயிற்று.

2006-க்கு வருவோம். அந்த உலகக் கோப்பைக்கு மெட்டராசி முதல் பதினொருவரில் ஒருவராகப் போகவில்லை. கன்னவாரோவும் நெஸ்டாவும்தான் பேக்குகள். நெஸ்டா அன்றைக்கு உலகத்திலேயே அழகாக ஆடுகிற பேக் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஜூன் 22, செக் குடியரசுடன் ஆட்டம். பதினேழாவது நிமிடத்தில் நெஸ்டாவுக்கு அடிபட்டது. பெஞ்சில் இருந்த மெட்டராசி உள்ளே போனார். ஒன்பது நிமிடம் கழித்து ஒரு கார்னரைத் தலையால் அடித்துக் கோல் போட்டார். அடுத்து ஆஸ்திரேலியாவுடன் சிவப்பு அட்டை. அதற்கடுத்த ஆட்டத்துக்குத் தடை. அரையிறுதிக்குத் திரும்பி வந்தார். இறுதி ஆட்டம் ஜூலை 9, பெர்லின்.

நம்ம நேரத்துக்கு ராத்திரி பதினொன்றரை மணி. நானும் பத்து வயது மகனும் டி.வி. முன்னால். ஏழாவது நிமிடத்தில் மெட்டராசி மலூடாவை மறித்ததாகப் பெனால்டி, ஜிடேன் கோல். பத்தொன்பதாவது நிமிடத்தில் பிர்லோ அடித்த கார்னரில் மெட்டராசி எழும்பித் தலையால் சமன் செய்தார். இரண்டு கோலிலும் இவர் கை, மன்னிக்கவும், இவர் காலும் தலையும். அப்புறம் கூடுதல் நேரம், 110-வது நிமிடம். ஜிடேனின் சட்டையை இவர் பிடித்தார். அவர் ஏதோ சொன்னார். இவர் பதிலுக்கு ஏதோ சொன்னார். அவர் நாலு அடி தள்ளிப் போய்த் திரும்பி வந்து முட்டினார். சிவப்பு அட்டை. ஜிடேனுக்கு அதுதான் வாழ்நாளின் கடைசி ஆட்டம். பெனால்டிகளில் இத்தாலி 5-3. மெட்டராசியும் தன் பெனால்டியைப் போட்டார்.

என் மகன் கேட்டான்: "அப்பா, அவரு என்னப்பா சொல்லியிருப்பாரு?"

உலகமே கேட்ட கேள்விதான். உதட்டசைவைப் படிக்கிற நிபுணர்களையெல்லாம் கூப்பிட்டார்கள். தாயைப் பேசினார், இனத்தைப் பேசினார் என்றெல்லாம் எழுதினார்கள். தாயைப் பதினைந்து வயதில் பறிகொடுத்தவன் நான், இன்னொருவன் தாயைப் பேசுவேனா என்றார் மெட்டராசி. அப்படி எழுதிய இங்கிலாந்துப் பத்திரிகைகள் மேல் வழக்குப் போட்டு நஷ்ட ஈடும் வாங்கினார். ஆனால் ஜிடேனின் சகோதரியைப் பற்றி அசிங்கமாகப் பேசியதைப் பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். ஃபிஃபா விசாரித்து அவருக்கு இரண்டு ஆட்டத் தடையும் 5000 பிராங்க் அபராதமும், ஜிடேனுக்கு மூன்று ஆட்டத் தடையும் 7500 பிராங்க் அபராதமும் விதித்தது.

இதெல்லாம் வெளியே வருவதற்கு முன்னால், அந்த ராத்திரியே, எனக்குத் தெரியும். என் மகனுக்குப் பதில் சொல்லாமல், "தூங்கு, நாளைக்குப் பள்ளிக்கூடம்" என்றேன்.

எப்படித் தெரியும் என்றால், 1988-ல் இதே மைதானத்தில் அதையே நான் செய்திருக்கிறேன். அப்போது நம் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. ஜோனல் இறுதி ஆட்டம். எதிர் அணியில் ஒரு பார்வர்டு. நண்பர்களே, உங்களுக்கு அவரை ஞாபகம் இருக்கும். முதல் பாதியில் என்னை மூன்று தடவை தாண்டிப் போனார். காலால் அவரை நிறுத்த முடியாது என்று தெரிந்துவிட்டது. இடைவேளையில் அந்த ஊர்க்காரன் ஒருவன் அவர் வீட்டுச் சங்கதி ஒன்றை, அவர் அக்காவைப் பற்றி, என்னிடம் சொன்னான். இரண்டாம் பாதியில் ஒரு கார்னருக்கு நிற்கும்போது அவர் காதில் ஒரு வாக்கியம் சொன்னேன். அதை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். அவர் திரும்பி என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். ரெஃபரி அவரை வெளியே அனுப்பினார். பத்துப் பேரை 1-0 என்று ஜெயித்தோம். அந்தக் கோப்பை உடற்கல்வித் துறை அறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் நீங்கள் இதை ஒரு வீரக்கதையாகச் சொல்வீர்கள். "என்னல சொன்ன அன்னைக்கு?" என்று கேட்பீர்கள். "ஒண்ணும் சொல்லல" என்று நானும் சிரிப்பேன். அந்தக் காலத்தில் பல்கலைக்கழக அணியில் ஆடினால் ரயில்வேயிலோ மின்வாரியத்திலோ வேலை என்பது உங்களுக்குத் தெரியும். அறைந்ததற்காக அவரைத் தேர்வுக்கே கூப்பிடவில்லை. நான் தேர்வுக்குப் போனேன். எடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

2007 ஆடித்தபசில் அவரைப் பார்த்தேன். தபசுக்காட்சி நேரம், தெற்கு ரத வீதியில் நெருக்கமான கூட்டம். ஒரு வயதான அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். முகச்சாயலில் அக்கா என்றுதான் தோன்றியது. பத்தடி தூரம். நான் ஒரு பலூன்காரன் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சரி, சென்னைக்குப் போவோம்.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. சென்னைக்கு அபிஷேக் பச்சன் ஒரு உரிமையாளர், பிறகு தோனியும் சேர்ந்தார். அணிக்குப் பெயர் 'சென்னையின்'. இது ஐந்தாம் வேற்றுமையா ஆறாம் வேற்றுமையா என்று நம் தமிழ்த்துறையினர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மெட்டராசி 2011-லேயே இண்டரை விட்டு விலகியவர். அதற்குள் ஐந்து இத்தாலிப் பட்டம், 2010-ல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் கோப்பை எல்லாம் பார்த்தாயிற்று. அந்த இறுதி ஆட்டத்தில் முடிகிற சமயத்தில்தான் உள்ளே போனார். ஆட்டம் முடிந்த ராத்திரி, அணியை விட்டுப் போகிற பயிற்சியாளர் மொரின்யோ காரை நிறுத்தி இறங்கி வந்து, சுவரோரம் நின்ற இவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைத்த பயிற்சியாளரை ஒரு ஆட்டக்காரன் கட்டிப்பிடித்து அழுகிறான் என்றால், அங்கே ஏதோ ஒரு வித்தை கைமாறியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சென்னைக்கு அவர் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தார். 41 வயது. முதல் பருவ அணியில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். பிரேசிலின் எலானோ, அந்த வருஷம் 8 கோல் போட்டு முதலிடம். மிசோரம் பையன் ஜெஜெ. பிரான்சின் மிக்கேல் சில்வெஸ்டர். இந்த சில்வெஸ்டர் 2006 உலகக் கோப்பையில் பிரான்ஸ் அணியில் இருந்தவர். பெர்லினில் தன் கேப்டன் சிவப்பு அட்டை வாங்கிக் கோப்பைக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நடந்து போனதைப் பார்த்த அணியின் ஆள். எட்டு வருஷம் கழித்து அவர் சென்னையில் மெட்டராசி சொல்கிற இடத்தில் நின்று பேக் ஆடினார். இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பேரும் முதல் நாள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எந்தப் பத்திரிகையும் எழுதினதாக நான் பார்க்கவில்லை.

அடிபட்ட ஆட்கள் அதிகமானபோது மெட்டராசி யாரைக் கூப்பிட்டார்? நெஸ்டாவை. எவருக்கு அடிபட்டதால் இவருக்கு உலகக் கோப்பை கிடைத்ததோ, அவரையே. ஓய்வு பெற்று இருந்த நெஸ்டா கிளம்பிச் சென்னைக்கு வந்து ஆடினார். ஒருவன் கூப்பிட்டால் ஆள் வருகிறதா இல்லையா என்பதில் அவன் சங்கதி தெரிந்துவிடும். அந்த வருஷம் லீகில் முதலிடம். அரையிறுதியில் கொச்சியில் 3-0 என்று தோற்று, சென்னையில் 3-0 என்று திருப்பிக் கொடுத்து, கூடுதல் நேரத்தில் 117-வது நிமிடம் ஒரு கோல் வாங்கி வெளியேறினார்கள். எதிரி கேரளாக்காரர்கள் வேறு. செங்கோட்டைப் பக்கத்து நண்பர்கள் ஒரு வாரம் தொலைபேசியை எடுக்கவில்லை.

2015 அக்டோபர் 3, அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம், சென்னை நேரு ஸ்டேடியம். பொதிகை எக்ஸ்பிரஸில் போய் எழும்பூரில் இறங்கினேன். சென்னையில் படித்துக்கொண்டிருந்த மகன் டிக்கெட் வாங்கி வைத்திருந்தான். இந்தத் தடவை மெட்டராசி ஆடவில்லை, முழுநேரப் பயிற்சியாளர். கோட்டோரம் ஒரு நெட்டை மனிதர் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். எங்கள் இடத்துக்குக் குரல் கேட்கவில்லை, ஆனால் வாய் மூடவில்லை என்பது தெரிந்தது. கொல்கத்தாவிடம் 3-2 தோல்வி. "அப்பா, அவருதான்" என்று மகன் காட்டினான். 2006-ல் கேட்ட கேள்வியை அவன் மறந்திருப்பான் என்று நினைத்தேன். மறக்கவில்லை. பெரியமேட்டில் இட்லி சாப்பிடும்போது திரும்பக் கேட்டான். அன்றைக்குத்தான் 1988 கதையை முதல் தடவையாக வீட்டில் ஒருவருக்குச் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அவங்க அக்காவுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன்.

அந்தப் பருவத்தில் முதல் 10 ஆட்டங்களில் 6 தோல்வி. பட்டியலில் அடிமட்டம். பயிற்சியாளரை மாற்று என்று பேச்சு வருகிற நேரம். அங்கிருந்து கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் ஜெயித்து மூன்றாவதாக அரையிறுதிக்குப் போனார்கள். டிசம்பர் தொடக்கத்தில் சென்னையைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள். தங்களை முதல் நாள் தோற்கடித்த அதே கொல்கத்தாவை அங்கே 3-0 என்று ஜெயித்தார்கள். திரும்ப கொல்கத்தாவில் 2-1 தோல்வி, மொத்தத்தில் 4-2.

டிசம்பர் 20, கோவா, இறுதி ஆட்டம். எதிரி கோவாவே. 54-வது நிமிடம் பெலிசாரி போட்டார், நான்கு நிமிடத்தில் ஹாவோகிப் சமன் செய்தார். 87-வது நிமிடம் கோவா 2-1. சொந்த ஊர்க் கூட்டம் எழுந்து ஆடுகிறது. நான் டி.வி.யை அணைக்கப் போய்விட்டேன். தொண்ணூறாவது நிமிடம் கோவா கோலியே தன் வலைக்குள் தட்டிவிட, 2-2. கூடுதலாகக் கொடுத்த நிமிடங்களில் கொலம்பியாவின் மெண்டோசா ஓடி வந்து அடித்தார், 3-2. அவருக்கு அது அந்தப் பருவத்தின் 13-வது கோல். வெள்ளத்தில் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்த ஊருக்கு ஒரு கோப்பை வந்தது.

எப்படி முடிந்தது? நான் உள்ளே இருந்து பார்த்தவன் இல்லை. வெளியே இருந்து பார்த்த ஒரு பழைய பேக்கின் ஊகம்தான் சொல்கிறேன். இத்தாலி, பிரேசில், கொலம்பியா, மிசோரம் என்று ஒருவர் பாஷை ஒருவருக்குப் புரியாத ஆட்களை, கடைசி இடத்தில் கிடக்கும்போது சண்டை போடாமல் ஒரு கயிற்றில் கட்டி வைக்க, எங்கே அடித்தால் ஒருவனுக்கு வலிக்கும் என்று தெரிந்த ஆள் வேண்டும். மெட்டராசிக்கு அது நன்றாகத் தெரியும். உலகமே பார்த்திருக்கிறது. அந்த இடத்தை அறிந்தவன் அங்கே அடிக்கவும் செய்யலாம், அங்கே அடி விழாமல் பார்த்துக்கொள்ளவும் செய்யலாம்.

அவரைத் தெய்வமாக்க வரவில்லை. அடுத்த வருஷம் 2016-ல் எட்டு அணிகளில் ஏழாவது இடம். 2017 மார்ச்சில் பேசிப் பிரிந்தார்கள். அவருக்குப் பின் வந்த ஜான் கிரிகரி 2018-ல் இரண்டாவது கோப்பை வாங்கிக் கொடுத்தார். அந்த அணியில் வியாசர்பாடி தனபால் கணேஷ் ஆடினார் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். சென்னை என்று பெயர் வைத்துவிட்டுத் தமிழ்ப் பையன்களைத் தேட வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் எனக்கு முதலிலிருந்தே உண்டு.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். நாளைக் காலை ஏழு மணிக்குப் பழைய மாணவர், இன்றைய மாணவர் ஆட்டம். என் முழங்கால் சம்மதிக்காவிட்டாலும் என்னை ஸ்டாப்பராகத்தான் போட்டிருக்கிறார்கள். மாணவ அணிப் பார்வர்டுத் தம்பிகள் தாராளமாகத் தாண்டிப் போகலாம். நான் கத்துவேன், ஆனால் என் ஆட்களைப் பார்த்து மட்டும்.

இன்னொன்று. 1988-ல் எதிர் அணியில் ஆடிய அந்த நண்பர் பெயரை மேடையில் சொல்லவில்லை. என்னோடு ஆடியவர்களுக்குத் தெரியும். அந்த ஊர்ப் பக்கம் சம்பந்தம் பண்ணியவர்கள் இந்தக் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால், சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் வந்து என்னிடம் சொல்லுங்கள். நான் வாசல் பக்கத்தில்தான் நிற்பேன்.